இடது கைக்குத் தெரிந்த வலது கைப் பாடம்

கேள்வி:

மேடம், வணக்கம். எனக்கு 46 வயது. சொந்த ஊர் பாளையங்கோட்டை. கல்யாணமாகி வந்ததிலிருந்து மும்பை பக்கம் டோம்பிவிலி வாசம். ஃபோர்ட்டில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் 19 வருஷமாக டாக்குமெண்ட் டைப்பிங் பார்த்தேன். ப்ளஸ் டூ முடித்த கையோடு டைப்ரைட்டிங் இங்கிலீஷ் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவள். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. தோளைக் கொஞ்சம் தூக்குவேன், விரல் விரியாது. நடையும் பேச்சும் அநேகமாகச் சரியாகிவிட்டன. ஆபீசில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் டிஸ்பாட்ச் டேபிளில் உட்கார வைத்திருக்கிறார்கள். இடது கையால் கீபோர்டு முழுக்க அலைந்து அடித்தால் நிமிஷத்துக்கு ஒன்பது பத்து வார்த்தைதான் வருகிறது. அரைமணி நேரத்தில் தோள்பட்டை கழன்று போகிறது. ஒற்றைக் கைக்காரர்களுக்கென்றே ‘லெஃப்ட் ஹேண்ட் ட்வோராக்’ என்று ஒரு லேஅவுட் (எழுத்து அடுக்கு) கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது, அதைப் பழகிக்கொள் என்கிறான் இன்ஜினியரிங் படிக்கும் மகன். வெளிநாட்டிலிருந்து ஒற்றைக் கை கீபோர்டு வரவழைக்கலாம் என்கிறார் கொழுந்தனார். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. எங்கள் தமிழ்ச் சங்க மலருக்குத் தமிழிலும் அடிக்க ஆசை. எது நல்லது? இந்த வயதில் இனிமேல் பழக முடியுமா?

— டோம்பிவிலி வாசகி

பதில்:

முடியும். உங்கள் வயதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போகிற போக்கில் ‘ஹையர் பாஸ்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் பேனாவால் கோடு போட்டேன். மகனும் கொழுந்தனாரும் சொல்வது அவரவர் அளவில் தப்பில்லை. ஆனால் இருவருமே இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்து காகிதம் திணித்து அடித்தவர்கள் இல்லை போலிருக்கிறது. அதனால்தான் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் முதலை விட்டுவிட்டுப் புதுக் கடன் வாங்கச் சொல்கிறார்கள்.

இன்ஸ்டிடியூட்டின் முதல் நாள் பாடம் ஞாபகம் இருக்கிறதா? ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். அடுத்து செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. பக்கம் பக்கமாக அதையே அடித்திருப்பீர்கள். இப்போது இரண்டு கையையும் மேஜைமேல் வைத்து அந்தப் பாடத்தை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். இடது சுண்டுவிரல் ஏ, வலது சுண்டுவிரல் செமிகோலன். மோதிர விரல்கள் எஸ், எல். நடுவிரல்கள் டி, கே. ஆள்காட்டி விரல்கள் எஃப், ஜே. ஆள்காட்டி விரலை உள்பக்கமாக நீட்டினால் ஒரு பக்கம் ஜி, மறுபக்கம் எச். இடது கை செய்ததையே கண்ணாடியில் பார்த்த மாதிரி வலது கை செய்கிறது. பாடம் ஒன்று, கை இரண்டு. ஹையர் பாஸ் பண்ணின இடது கைக்கு வலது கையின் பாடத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். அதைக் கேட்டு வாங்க ஒரு வழிதான் வேண்டும்.

அந்த வழியை 1993-இல் கனடாக்காரரான எட்கர் மத்தியாஸ், மெக்கன்சி, பக்ஸ்டன் ஆகிய இருவருடன் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். பெயர் ‘ஹாஃப் க்வெர்ட்டி’, அதாவது பாதி க்வெர்ட்டி. க்வெர்ட்டி என்பது நாம் வழக்கமாக அடிக்கும் கீபோர்டின் எழுத்து வரிசை. விஷயம் எளிது. இடது கை வைத்த இடத்திலேயே இருக்கும், நகராது. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் வழக்கம்போல் இடைவெளி விழும். கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு எஃப் அடித்தால் ஜே விழும், டி அடித்தால் கே விழும், ஏ அடித்தால் செமிகோலன். கீபோர்டின் வலது பாதி முழுவதும் கண்ணாடிப் பிம்பமாக இடது கையின் கீழே வந்துவிடுகிறது. இரண்டு கையாலும் பார்க்காமல் அடிக்கத் தெரிந்தவர்களை வைத்துச் சோதித்தார்கள். மூன்று நான்கு மணி நேரப் பயிற்சியிலேயே, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தும் வேகத்தைத் தாண்டிவிட்டார்கள். சுமார் எட்டு மணி நேரத்தில் தங்கள் இரண்டு கை வேகத்தில் பாதியை எட்டினார்கள். பத்து மணி நேரம் முடிந்தபோது எல்லோருமே 41 முதல் 73 சதவீதத்துக்குள் இருந்தார்கள். வார்த்தைக் கணக்கில் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 24 முதல் 43.

இந்தக் கணக்கை அப்படியே உங்கள் தலையில் ஏற்ற மாட்டேன். அவர்கள் பக்கவாதம் வந்து எழுந்தவர்கள் இல்லை. வலப்பக்கம் விழுந்தால் அடி பட்டது மூளையின் இடப்பக்கம் என்று அர்த்தம். பழகிய கை வேலைகளைத் திட்டமிடுவதில் அந்தப் பக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு, அதனால் ‘நல்ல’ கை என்று நாம் சொல்லும் இடது கையும் சில காலம் லேசாகத் தடுமாறும். பத்து மணி நேரம் என்பதை முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹையருக்கு 45 வார்த்தை அடித்திருப்பீர்கள். அதில் பாதி வந்தாலும் இன்றைய வேகத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். டிஸ்பாட்ச் டேபிளை விட்டு எழ அது போதும்.

உங்களுக்கு இன்னோர் அதிர்ஷ்டம். ரெமிங்டன் கம்பெனி 1874-இல் விற்கத் தொடங்கிய அந்தப் பழைய டைப்ரைட்டர் காலத்திலிருந்து நம் கழுத்தில் தொங்கும் க்வெர்ட்டி வரிசையில், இங்கிலீஷ் எழுதும்போது பாதிக்கு மேற்பட்ட எழுத்துகள் இடது கையில்தான் விழுகின்றன. ஈ, ஏ, ஆர், எஸ் எல்லாம் அங்கேதான். ஆகவே ஸ்பேஸைப் பிடிக்காமல் அடிப்பது அதிகம், பிடித்து அடிப்பது குறைவு. இடது கை விழுந்து வலது கை தப்பியவர்களுக்கு இதே முறையில் கட்டைவிரல் வேலை கூடுதல்.

மகனின் ட்வோராக்கையும் பார்த்துவிடுவோம், இல்லாவிட்டால் வீட்டில் சண்டை ஓயாது. ஆகஸ்ட் ட்வோராக் அமெரிக்கக் கல்வி உளவியல் பேராசிரியர். அடிக்கடி வரும் எழுத்துகளை நடு வரிசைக்குக் கொண்டுவந்த அவருடைய லேஅவுட்டுக்கு 1936-இல் காப்புரிமை கிடைத்தது. பின்னாளில் இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று என்று தனித்தனி லேஅவுட்டும் செய்தார். விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் அவை உள்ளேயே இருக்கின்றன. மகன் சொன்னது உண்மை, காசு செலவில்லை. இடது கை லேஅவுட்டில் முக்கியமான எழுத்துகள் கீபோர்டின் நடுவில் கூட்டமாக இருக்கும். கை எஃப்பிலிருந்து ஜே வரை உள்ள நாலு கீயில் தங்கும். சில எழுத்துகள் மேலே நம்பர் வரிசைக்கு ஏறிவிடும், நம்பர்கள் வலது ஓரத்தில் அடுக்கிக் கிடக்கும். நன்றாக யோசித்துச் செய்த வேலை. டைப்பிங்கே தெரியாத ஓர் இளைஞனுக்கு, பைக் விபத்தில் வலது தோள் நரம்பு அறுந்து வந்தவனுக்கு, இதைத்தான் முதலில் சொல்வேன். அவன் மறக்க வேண்டியது ஒன்றுமில்லை. நீங்களோ முப்பது வருஷத்துப் பழக்கத்தை முதலில் அழித்தாக வேண்டும். புதுப் பாடம் ஏறுவதற்கு ஆகும் நேரத்தைவிடப் பழசு குறுக்கே வந்து இடறுவதைச் சமாளிக்கத்தான் அதிக நேரம் ஆகும்.

கொழுந்தனார் சொல்லும் கீபோர்டு இங்கிலாந்தின் மால்ட்ரானாக இருக்கலாம். உள்ளங்கையைக் குவித்த மாதிரிக் குழிந்திருக்கும், கை விரல்களின் நீளத்துக்குத் தக்கபடி கீ உயரம் ஏறி இறங்கும். அருமையான பொருள். ஆனால் அதன் எழுத்து வரிசையும் புதிது, விலையும் பல மடங்கு. இன்னொரு ஜாதி இருக்கிறது, ஐந்தாறு கீயை வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் இரண்டு மூன்றை அழுத்தி ஒவ்வொரு எழுத்தையும் கொண்டுவருவது. மவுஸை உலகுக்குக் காட்டிய டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ மேடையில் உட்கார்ந்தபோது, வலது கையில் மவுஸும் இடது கையில் அப்படிப்பட்ட ஐந்து கீ பெட்டியும் வைத்திருந்தார். பார்வையற்றவர்களின் ஆறு கீ பிரெய்ல் மெஷினும் அந்தத் தத்துவம்தான். எனக்கு அதில் மோகம் உண்டு. உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரே நேரத்தில் மூன்று விரலைச் சரியாக அழுத்தும் வேலை, களைத்த கைக்கு எழுத்துக்கு எழுத்து ஒரு பரீட்சை.

சரி, கண்ணாடி முறையை எப்படி அமைப்பது? கம்ப்யூட்டரில் ஆட்டோஹாட்கீ போன்ற சின்ன மென்பொருளால் செய்யலாம். ஆனால் ஆபீஸ் மெஷினில் எதையாவது ஏற்ற வேண்டுமென்றால் ஐடிக்காரர்களிடம் கை கட்டி நிற்க வேண்டும். அடுத்த மாதம் மெஷினை மாற்றினால் மறுபடியும் நிற்க வேண்டும். அதனால் லேஅவுட்டைக் கீபோர்டுக்குள்ளேயே எழுதிவிடுவதே என் வழக்கம். ‘கியூஎம்கே’ (கீபோர்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்), ‘வியா’ (எந்தக் கீயில் எந்த எழுத்து என்று அதில் மாற்றித் தரும் கருவி) என்ற இரண்டு பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு மகனை எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டுக்கு அனுப்புங்கள். அவற்றை ஏற்கும், நம்பர் பேடு இல்லாத சின்ன மெக்கானிக்கல் கீபோர்டு சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். கலர் கலராக விளக்கு எரியும் கேமிங் கீபோர்டைக் கடைக்காரர் தலையில் கட்டப் பார்ப்பார். விளக்கு நமக்கு வேண்டாம், அந்தப் பெயர்தான் வேண்டும். வீட்டில் பிரவுசரில் வியாவைத் திறந்து, ஸ்பேஸ் கீக்கு ‘தட்டினால் இடைவெளி, பிடித்தால் இரண்டாம் லேயர் (அதே கீகளுக்கு இன்னொரு எழுத்துத் தொகுதி)’ என்று கொடுத்து, அந்த லேயரில் கண்ணாடி எழுத்துகளை நிரப்ப வேண்டும். அவனுக்கு ஒரு சாயங்கால வேலை. அதன் பிறகு அந்தக் கீபோர்டை எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் வேலை செய்யும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

முதல் வாரத்தில் ஒரு தொல்லை வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வார்த்தைக்கு வார்த்தை ஸ்பேஸைத் தட்டிவிட்டு அடுத்த எழுத்துக்கு ஓடும்போது, கட்டைவிரல் எழும்புவதற்குள் அடுத்த விரல் விழுந்துவிட்டால் இடைவெளி காணாமல் போய் வேறு எழுத்து வரும். ‘தட்டல்’ எது, ‘பிடித்தல்’ எது என்று பிரிக்கும் நேரம் கியூஎம்கேயில் வழக்கமாக 200 மில்லி செகண்டு, அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. சில கீபோர்டுகளில் வியாவிலேயே அதை மாற்றலாம், சிலவற்றில் கியூஎம்கேயை மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். கட்டைவிரல் மெதுவாக எழும்புகிறவர்களுக்கு 250, 280 என்று கூட்டிப் பார்ப்பேன். ரொம்பக் கூட்டினால் வேண்டுமென்றே பிடிக்கும்போதும் இடைவெளி விழும். இந்த எண்ணைச் சரிசெய்யாமல் ‘எனக்கு இது ஒத்துவரவில்லை’ என்று கீபோர்டை அலமாரியில் வைத்துவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

பெரிய எழுத்துக்கு ஷிப்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு விரலால் அடிப்பது ஒற்றைக் கைக்கு வதை. ஷிப்டை ஐந்து முறை தட்டினால் விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் என்று ஒரு பெட்டி எழும்பி எல்லோரையும் எரிச்சல் படுத்துமே, அது உங்களுக்காக எழுதப்பட்டதுதான். அதற்கு ஆமாம் சொல்லுங்கள். பிறகு ஷிப்டைத் தட்டி விட்டுவிட்டால் போதும், அடுத்த எழுத்து பெரிதாக விழும். கன்ட்ரோல், ஆல்ட் எல்லாவற்றுக்கும் அப்படியே.

நம்பருக்குத் தனியே ஒரு யூஎஸ்பி நம்பர் பேடு வாங்குங்கள். கன்டெய்னர் நம்பர் ஒவ்வொன்றும் நாலு எழுத்து, ஏழு இலக்கம் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நாள் முழுக்க அதை மேல் வரிசையில் குத்திக்கொண்டிருந்தால் மணிக்கட்டு போய்விடும். பேடைக் கீபோர்டின் இடப்பக்கம் ஒட்டி வைத்து, நடுவிரல் ஐந்தில், ஆள்காட்டி ஆறில், மோதிர விரல் நாலில் நிற்கட்டும். வலது கைக்கு இது தலைகீழ், ஆகவே பழைய பழக்கம் ஒன்றிரண்டு வாரம் முரண்டு பிடிக்கும். மவுஸுக்குப் பதில், எந்தக் கையாலும் பிடிக்கும்படி இரு பக்கமும் ஒரே மாதிரி வடிவமுள்ள, உருண்டையை விரலால் உருட்டும் டிராக்பால். அதை இடப்பக்கம் பேடுக்கும் அப்பால் தள்ளினால் தோள் அகன்று அகன்று வலிக்கும். சும்மா கிடக்கும் வலது பாதிக்கு முன்னால், உங்கள் பக்கமாக வையுங்கள். எஃப் கீ இடது தோளுக்கு ஏறக்குறைய நேர் எதிரே இருக்க வேண்டும்.

லேஅவுட்டைவிட நேரம் மிச்சம் பிடிப்பது ஒன்று உண்டு, அதை யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் டாக்குமெண்டுகளில் ஒரே கன்சைனி (சரக்கைப் பெறுபவர்) விலாசம், ஒரே சரக்கு வர்ணனை, ஒரே ஷரத்துகள் திரும்பத் திரும்ப வரும். வியாவிலேயே மேக்ரோ என்று வசதி இருக்கிறது. ஒரு கீயை அழுத்தினால் ஒரு விலாசம் முழுக்க விழும்படி செய்யலாம். அதிகம் வரும் பத்து வரிகளைக் கணக்கெடுத்து முதலில் அவற்றை ஏற்றுங்கள்.

இப்போது தமிழ். இங்கேதான் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

நீங்கள் பாஸ் செய்தது இங்கிலீஷ் மட்டும்தான். தமிழை இதுவரை கம்ப்யூட்டரில் அடித்ததில்லை, அல்லது போனில் அம்மாவை ஏஎம்எம்ஏ என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் காப்பாற்ற வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை, இஷ்டத்துக்கு வடிவமைக்கலாம். அடிப்படையாகத் தமிழ்99-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழக அரசு தரப்படுத்திய லேஅவுட். ஒற்றைக் கைக்கு அதில் இரண்டு பெரிய லாபம். கிரந்த எழுத்துகளையும் ஆய்த எழுத்தையும் தவிர ஷிப்ட் தேவையே இல்லை. அடுத்து, ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்தில் புள்ளி தானே விழும்; ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஜோடிகளுக்கும் அப்படியே. ‘தம்பி’க்கு த, ம, ப, இ என்று நாலு தட்டல். ‘வணக்கம்’ ஆறு. அதையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் எட்டு, நடுவில் ணகரத்துக்கு ஒரு ஷிப்ட் வேறு. இந்தப் புள்ளி விதியை எல்லா மென்பொருளும் ஒழுங்காக நடத்துவதில்லை. நிறுவியதும் ‘தம்பி’ அடித்துப் பாருங்கள். நாலு தட்டலில் வராவிட்டால் அதைத் தூக்கிவிட்டு வேறொன்று பாருங்கள்.

ஆனால் தமிழ்99 இரண்டு கைக்காரர்களுக்காகச் செய்தது. இடது கையில் உயிர், வலது கையில் அநேகமாக எல்லா மெய்யும். க, ப, ம, த, ந வலது கையின் நடு வரிசை. இரண்டு கையும் மாறி மாறி அடிக்க அது சுகம். அதை அப்படியே கண்ணாடி முறையில் போட்டால் மெய்க்கு மெய் ஸ்பேஸைப் பிடிக்க வேண்டி வரும், கட்டைவிரல் ஒரு பத்திக்குள் அழுதுவிடும். தமிழில் அகரம் ஏறிய மெய்க்குத் தனியாக உயிர் அடிப்பதில்லை, அதனால் தட்டல்களில் மெய்யே அதிகம். ஆகவே தமிழுக்கு மட்டும் லேயரைத் தலைகீழாக்குங்கள். சாதாரணமாக அடித்தால் மெய், ஸ்பேஸைப் பிடித்து அடித்தால் உயிர். அப்போது ஆள்காட்டி விரலில் ப, உள்ளே நீட்டினால் க, நடுவிரலில் ம, மோதிர விரலில் த, சுண்டுவிரலில் ந. மேல் வரிசையில் ண, ட, ன, ற, ள. கீழ் மூலையில் ழ. சுண்டுவிரல் அதற்கு வளைந்து கொடுக்க வேண்டும், ழகரத்துக்கு எங்கே போனாலும் வளைந்துதான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மூன்று இடத்தில் கை வைக்காமல் தீராது. முதலாவது, புள்ளி. தமிழில் அதிகம் அடிப்பவற்றுள் அது ஒன்று. தலைகீழாக்கினால் அது உயிரெழுத்துகளோடு சேர்ந்து மறைவுக்குப் போய்விடும். இடது ஆல்ட் கீயை, தமிழ் லேயரில் மட்டும், புள்ளிக்குக் கொடுத்துவிடுங்கள். கட்டைவிரலுக்குப் பக்கத்துக் கீ. இதோடு அடுத்துச் சொல்லும் வகர மாற்றத்தையும் செய்தால் ‘வணக்கம்’ ஸ்பேஸைப் பிடிக்காமலே முடிந்துவிடும். இரண்டாவது, வகரம். மெய்களில் அது மட்டும் ஙகரத்தோடு இடது பாதியில் உட்கார்ந்திருக்கிறது. அதையும் காற்புள்ளியையும் இடம் மாற்றுங்கள். காற்புள்ளி பிடித்து அடிக்கும் பக்கம் போகட்டும். ஙகரம் அநேகமாக ககரத்துக்கு முன்னால் மட்டுமே வருவது, பிடித்தே அடிக்கலாம். மூன்றாவது, ச, ய, ஞ. இவை வலது ஓரத்தில் அடைப்புக்குறி, மேற்கோள் குறி இருக்கும் கீகளில் இருக்கின்றன; இடப்பக்கம் அவற்றுக்குக் கண்ணாடி எழுத்து கிடையாது. சகரத்தை டேப் கீயிலும், யகரத்தைக் கேப்ஸ் லாக்கிலும், ஞகரத்தை மேல் மூலைக் கீயிலும் வையுங்கள். கேப்ஸ் லாக்கை இதுவரை யாராவது நல்ல காரியத்துக்குப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறீர்களா? தமிழ் லேயரிலிருந்து இங்கிலீஷுக்குத் தாண்ட ஒரு கீ ஒதுக்க மகனுக்கு நினைவூட்டுங்கள்.

இதைக் குடும்பமாக உட்கார்ந்து இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஆனால் ஒரு வாரத்துக்குள் முடித்து, பிறகு தொடாதீர்கள். தினமும் எழுத்தை இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் விரலுக்கு எதுவும் பதியாது. எழுத்தை வடிவமைக்கும் சுகத்தில் எழுதுவதையே மறந்தவர்கள் கம்ப்யூட்டர் உலகில் நிறையப் பேர்.

இனி உடம்புக்கு வருகிறேன், என் உத்தியோகமே அதுதான். இத்தனை நாள் இரண்டு கை சுமந்ததை ஒரு கை சுமக்கிறது. அதுவும் படுத்துவிட்டால் குளிக்க, சாப்பிட, லோக்கல் ரயிலில் கம்பி பிடிக்கக்கூடக் கை இருக்காது. இருபது நிமிஷம் அடித்தால் மூன்று நிமிஷம் ஓய்வு. ஓய்வில் போனைத் தேய்க்காதீர்கள், அதுவும் அதே கட்டைவிரல்தான். கட்டைவிரல் அடியில், மணிக்கட்டுப் பக்கம் வலி எடுத்து இரவிலும் நிற்காவிட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

வலது கையை மடியில் தொங்கவிட்டு அடிக்கிறீர்களா? கூடாது. தோள் மூட்டு இறங்கும். ஒரு டவலை மடித்து மேஜைமேல் போட்டு, முழங்கையிலிருந்து அதன்மேல் வையுங்கள், விரல்கள் முடிந்தவரை விரிந்திருக்கட்டும். இடது கை வேகமெடுத்து முக்கி அடிக்கும்போது வலது கை தானாக இறுகி மடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். அது இறுகுகிறது என்றால் நீங்கள் தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். வேகத்தைக் குறையுங்கள், அல்லது லேசாக அழுத்தினாலே போதும் என்கிற ஸ்விட்ச் உள்ள கீபோர்டைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் வேகத்தை அளக்கும் மீட்டர் அந்த வலது கைதான்.

கடிதத்தில் சொல்லாத இரண்டை நானே கேட்கிறேன். அடித்ததில் வரியின் வலது ஓரத்து வார்த்தைகள் விட்டுப் போகின்றனவா? வலப்பக்கம் விழுந்தவர்கள் சிலருக்குப் பார்வையிலும் வலது பாதி குறையும், அது அவர்களுக்கே தெரியாது. கண் டாக்டரிடம் பார்வைப் புலம் சோதிக்கச் சொல்லுங்கள். எழுத்துகள் இடம் மாறி விழுவது கீபோர்டில் மட்டுமா, பேனாவில் எழுதும்போதும் உண்டா? பேனாவிலும் உண்டு என்றால் அது கையின் தப்பு இல்லை, மொழியின் பக்கம். ஸ்பீச் தெரபிஸ்டைப் பாருங்கள். அதைக் கவனிக்காமல் கீபோர்டைக் குறை சொல்லிக்கொண்டே ஒரு வருஷம் ஓடிவிடும்.

பயிற்சிக்கு இன்ஸ்டிடியூட் பாடத்தையே எடுங்கள். காலையில் இருபது நிமிஷம், ராத்திரி இருபது. முதல் வாரம் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்; அடுத்த வரியில் ஸ்பேஸைப் பிடித்துக்கொண்டு அதே விரல்கள், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. கீபோர்டைப் பார்க்காதீர்கள், உங்கள் மாஸ்டர் கையை மூடியிருந்த மாதிரி ஒரு நாளிதழைப் போர்த்திக்கொள்ளுங்கள். மனசுக்குள் வலது கை அடிப்பதாக நினைத்துக்கொண்டு இடது கையால் அடித்தால் சிலருக்குச் சீக்கிரம் வருகிறது. சிலருக்கு அப்படி நினைத்தாலே குழம்புகிறது. இரண்டையும் முயன்று பாருங்கள். பத்து மணி நேரத்துக்குள் வேகம் பார்க்காதீர்கள். ஆபீசில் அதுவரை பழைய முறையிலேயே அடியுங்கள், வேலை நெருக்கடியில் புது முறை சேறாகிவிடும். பேங்க்கிலோ வேறிடத்திலோ உங்கள் கீபோர்டு இல்லாமல் அடிக்க நேர்ந்தால், இடது கை நாலு விரலையும் எஃப், ஜி, எச், ஜே மேல் வைத்து அங்கிருந்து இரு பக்கமும் போய் வாருங்கள்; இப்போது அலைவதைவிட அலைச்சல் குறையும்.

ஹாஜி அலியில் உள்ள அகில இந்திய உடல் மருத்துவ மறுவாழ்வு நிலையத்தில் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் சிகிச்சை) பிரிவு இருக்கிறது. டோம்பிவிலியிலிருந்து அலைச்சல்தான், ஆனால் ஒரு தடவையாவது போய்க் காட்டுங்கள். போகும்போது கீபோர்டையும் டவலையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் மேஜையின் உயரத்தையும், நாற்காலியில் உட்கார்ந்தால் தரையிலிருந்து முழங்கை எவ்வளவு உயரம் என்பதையும் இன்ச் டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். அங்கே உட்கார வைத்து அடித்துக் காட்டச் சொல்வார்கள். மகனும் கூட வரட்டும், 200-ஐ 250 ஆக்க வேண்டியிருந்தால் அங்கேயே ஆக்கிவிடலாம்.